வாசலில் மறிக்கப்பட்ட பேரரசர்: ஓர் ஓவியம், சில கேள்விகள்

லண்டன் நேஷனல் கேலரியில் உள்ள, வான் டைக் வரைந்த ஓவியம் பற்றி வந்த கேள்விகள் இவை. ஆயர் அம்புரோஸ், ரோமப் பேரரசர் தியோடோசியஸைக் கோவில் வாசலில் மறிக்கும் காட்சி அது.

கேள்வி: சார், ஆயர் எதற்காகப் பேரரசரைத் தடுக்கிறார்?

பதில்: 390ஆம் ஆண்டு. கிரேக்க நகரமான தெசலோனிக்காவில் மக்களுக்குப் பிடித்த தேரோட்டி ஒருவரைச் சிறையில் அடைத்தார்கள். கலவரம் மூண்டது, படைத்தலைவர் புத்தெரிக் கொல்லப்பட்டார். அதற்குப் பழிவாங்க, பேரரசரின் ஆட்கள் ஊர்மக்களை வெட்டிச் சாய்த்தார்கள். 7,000 பேர் இறந்ததாகத் திருச்சபை வரலாற்றாசிரியர் தியோடொரெட் எழுதுகிறார். அந்த ரத்தப்பழியோடு கோவிலுக்குள் வரக்கூடாது என்று மிலான் ஆயர் அம்புரோஸ் மறிக்கிறார்.

கேள்வி: இது உண்மையிலேயே நடந்ததா?

பதில்: கண்டித்தது உண்மை, ஆனால் கடிதத்தில். நீங்கள் வந்து நின்றால் என்னால் திருப்பலி நிறைவேற்ற முடியாது என்று அம்புரோஸ் எழுதிய அந்தக் கடிதம் இன்றும் இருக்கிறது. பேரரசர் பகிரங்கமாகத் தவம் செய்ததும் உண்மைதான். வாசல் காட்சி அடுத்த நூற்றாண்டில் தியோடொரெட் சொன்ன கதை. ஓவியருக்கு அந்தக் கதைதான் வேண்டும். கடிதம் எழுதும் ஆயரை வரைந்தால் எதிரில் பேரரசர் இருக்க மாட்டாரே!

கேள்வி: இது ரூபன்ஸ் ஓவியம் என்கிறான் என் தம்பி. யார் சொல்வது சரி?

பதில்: தம்பி சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. ரூபன்ஸின் பெரிய ஓவியம் வியன்னாவில் இருக்கிறது. அவருடைய பட்டறையில் வேலை செய்த வான் டைக், ஏறக்குறைய 20 வயதில், அதையே சிறிய அளவில் திரும்ப வரைந்தார். ஆனால் அப்படியே நகல் எடுக்கவில்லை. பேரரசரின் தாடியை எடுத்துவிட்டார், பின்னால் உள்ள கட்டடத்தைத் தெளிவாக்கினார், படைவீரர்கள் பக்கம் ஈட்டிகளைச் சேர்த்தார். எனக்கு அந்த ஈட்டிகள் ரொம்ப முக்கியம். ஆயுதம் அத்தனையும் ஒரு பக்கம். எதிரே வெறுங்கையோடு ஒரு கிழவர்.

கேள்வி: பின்னால் தெரிவது மிலான் பேராலயமா?

பதில்: இல்லை. இன்றைய பேராலயத்தை 1386இல்தான் கட்டத் தொடங்கினார்கள்.

கேள்வி: பரோக் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

பதில்: பரோக் என்பது 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் நாடகத்தன்மை மிகுந்த கலைப்பாணி. படிக்கட்டைப் பாருங்கள். ஆயர் மேலே, பேரரசர் ஒரு படி கீழே. பேரரசர் உடலைச் சாய்த்து மேலே ஏற வருகிறார், ஆயரின் கை அதை நிறுத்துகிறது. ஏறவும் இல்லை, திரும்பவும் இல்லை. அந்த நொடியைத்தான் பரோக் ஓவியர்கள் தேடினார்கள்.