ஊரடங்கில் காடு என்ன ஆனது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 2020 ஊரடங்கின்போது விலங்குகள் ஊருக்குள் சுதந்திரமாக உலவியதாக வந்த வீடியோக்கள் உண்மைதானா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: அதிகம் பகிரப்பட்ட சில வீடியோக்கள் உண்மையல்ல. வெனிஸ் கால்வாய்க்கு வந்ததாகச் சொன்ன டால்ஃபின்களைப் படமெடுத்தது சார்டினியாத் தீவின் துறைமுகத்தில். கேரளத்தின் மேப்பயூரில் வெறிச்சோடிய சாலையைக் கடந்ததை, கிட்டத்தட்ட அழிந்தேபோன மலபார் புனுகுப்பூனை என்றார்கள். அது நம் பக்கமும் இருக்கிற சாதாரண சிறு புனுகுப்பூனை. நோயுற்றது போலத்தான் நடந்தது. இரவில் திரியும் விலங்கு பட்டப்பகலில் மனிதருக்கு அஞ்சாமல் நின்றால் ஏதோ கோளாறு என்று பொருள். கிட்டே போகாமல், தொடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

நிஜமாகவே நடந்த மாற்றங்களும் உண்டு. சான் பிரான்சிஸ்கோவில் வாகன இரைச்சல் அடங்கியதும் சிட்டுக்குருவி போன்ற ஒரு பறவையினம் தன் குரலைத் தணித்துப் பாடியது. தணிந்த அந்தப் பாட்டு முன்னைவிட வெகுதூரம் கேட்டது.

கேள்வி: சுற்றுலாக் கூட்டம் இல்லாவிட்டால் காட்டுக்கு நல்லதுதானே? (வாசகர், கூடலூர்)

பதில்: எல்லா இடத்திலும் அப்படி இல்லை. உகாண்டாவின் பிவிண்டி காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மலைக் கொரில்லாவைப் பார்க்க ஒரு வெளிநாட்டவர் அப்போது 600 டாலர் கட்டினார். காவலர் சம்பளம், கண்ணி அகற்றும் ரோந்து, ஓரத்து ஊர்களுக்கான பங்கு, சுமைதூக்கிகளின் கூலி எல்லாம் இந்தச் சுற்றுலாப் பணத்தை நம்பியவை. 2020 மார்ச்சில் நோய்க்குப் பயந்து சுற்றுலாவை நிறுத்தினார்கள். நிறுத்தியது சரியான முடிவு. மனிதரின் சளிக்காய்ச்சலே கொரில்லாவைக் கொல்லும். ஆனால் கூலி போன குடும்பங்களில் சிலர் சோற்றுக்காகக் காட்டுப்பன்றிக்கும் சிறு மானுக்கும் சுருக்குக் கம்பி வைக்கப் போனார்கள்.

ஜூன் மாதம் 17 கொரில்லாக்கள் கொண்ட ஒரு கூட்டத்தின் தலைவனான ரஃபிகி ஈட்டிக் குத்தில் இறந்துகிடந்தது. சிறு விலங்குகளைத் தேடிப் போனபோது அது தாக்கியதால் குத்தினேன் என்றான் பிடிபட்டவன். அவனுக்கு 11 ஆண்டு சிறை. பயணிகளுக்குக் காட்டுவதற்காக ஆண்டுக்கணக்கில் மனிதரிடம் பழக்கிய கூட்டம் அது. அந்தப் பழக்கமே ஈட்டிக்காரனும் நெருங்க வழிவிட்டது. மறுபடி திறந்தபோது பார்வையாளருக்கு முகக்கவசம் கட்டாயமானது. 7 மீட்டராக இருந்த இடைவெளி 10 மீட்டரானது. பெருந்தொற்று முடிந்துவிட்டாலும் இந்த விதியைத் தளர்த்தக் கூடாது என்பதே எங்கள் கருத்து.

இந்தியாவிலும் இதுதான். ஊரடங்குக்கு முந்தைய ஆறு வாரங்களில் 35 ஆக இருந்த வேட்டைச் செய்திகள் அடுத்த ஆறு வாரங்களில் 88 ஆனதாக, காட்டுயிர் வணிகத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் (TRAFFIC) அமைப்பு கணக்கிட்டது. கூடியதில் பெரும்பகுதி கறிக்கான வேட்டை: மான், முயல் போன்றவை. புலி வேட்டை அப்படிக் கூடவில்லை.

ஸ்வீடனின் ஸ்டோரா கார்ல்சோ தீவில் வேறு விதமாக நடந்தது. பயணிகள் வராததால் வெண்வால் கடற்கழுகுகள் துணிந்து வந்து அமர்ந்தன. அவை தலைக்குமேல் பறக்கும்போதெல்லாம் கில்லிமாட் என்ற கடற்பறவைகள் முட்டைகளை விட்டுவிட்டுப் பாறை விளிம்பிலிருந்து எழுந்தன. முட்டைகள் உருண்டு விழுந்தன. மிஞ்சியதைக் கடற்காக்கைகளும் காகங்களும் தின்றன. அந்த ஆண்டு இனப்பெருக்கம் 26 சதவீதம் குறைந்தது.

கேள்வி: வண்டலூரில் சிங்கங்களுக்குக் கொரோனா வந்ததே. இன்னொரு பெருந்தொற்று வந்தால் பூனையினக் கூண்டுகளை எப்படிப் பராமரிக்க வேண்டும்? (வாசகர், வேலூர்)

பதில்: 2021 ஜூனில் அங்கே இரண்டு சிங்கங்கள் இறந்தன. போபால் ஆய்வகத்தில் மரபணுவைப் பார்த்தபோது, அப்போது மனிதரிடம் பரவிய டெல்டா வகையே இருந்தது. முதுமலையில் 28 முகாம் யானைகளையும் பரிசோதித்தார்கள், தொற்று இல்லை.

விலங்குக்குள் கிருமி போகப் பெரிய வாசல் பராமரிப்பாளரின் மூச்சுதான். பூனையினத்துக்கென்று தனி ஆள் வேண்டும். அவர் வேறு கூண்டுக்குப் போகக் கூடாது. காய்ச்சல் என்றால் சம்பளத்தோடு விடுப்பு. சம்பளம் பிடித்தால் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்கு வந்துவிடுவார்.

சுத்தம் செய்யும்போது முதலில் விலங்கைப் பக்கத்து அறைக்கு மாற்றுங்கள். சாணத்தை வாரிய பிறகு சோப்புநீரால் தேய்த்து, மூத்திர வாடை போகும்வரை அலசுங்கள். குழாயை வேகமாகப் பீய்ச்ச வேண்டாம். தெறிக்கும் நுண்துளி கிருமியைப் பரப்பும். மூத்திரம் இருக்கும்போதே பிளீச்சிங் கரைசலை ஊற்றினால் அம்மோனியாவோடு சேர்ந்து நெஞ்சை எரிக்கும் வாயு கிளம்பும். 30 சதவீத குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் 33 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டால் ஒரு சதவீதக் கரைசல். தரை 10 நிமிடம் ஈரமாக இருக்கட்டும். பிறகு நன்றாகக் கழுவி, காய்ந்தபின் விலங்கை விடுங்கள். கரைசலை அன்றன்றைக்குக் கலக்கவும். திறந்து கிடந்து நெடி போன பவுடர் பயன்படாது.

ஃபினாயில் மட்டும் கூடவே கூடாது. பூனையினத்தின் கல்லீரலால் ஃபீனாலைச் செரித்து வெளியேற்ற முடியாது. பாதத்தை நக்கினாலே விஷம் ஏறும்.

வாசலில் வைக்கும் கால்நனைப்புத் தொட்டி பல இடங்களில் சடங்காகிவிட்டது. சேறு அப்பிய பூட்ஸோடு மிதித்தால் சேறே குளோரினைத் தின்றுவிடும். தொட்டிக்கு முன்னால் ஒரு பிரஷும் வாளித் தண்ணீரும் வையுங்கள். நீர் கலங்கியதும் மாற்றுங்கள். கலங்காவிட்டாலும் தினமும் மாற்ற வேண்டும்.