‘வரவேற்கிறோம்’ என்றால் ஒன்று, ‘கவனத்தில் எடுத்தோம்’ என்றால் வேறொன்று

வாசகர் கேள்வி – பதில்: காலநிலை

கேள்வி: கொழும்பின் மழைவீழ்ச்சி பற்றி நாங்கள் செய்யும் ஆய்வு, ஐ.நா. காலநிலைப் பேச்சுவார்த்தை மேசை வரை போகுமா? போனால் எந்த வழியாக?
– பல்கலைக்கழக மாணவி, வெள்ளவத்தை

பதில்: நேராகப் போகாது. நடுவில் ஐ.பி.சி.சி. இருக்கிறது. உலக வளிமண்டலவியல் அமைப்பும் ஐ.நா. சுற்றாடல் திட்டமும் 1988 இல் உருவாக்கிய, காலநிலை மாற்றம் பற்றிய அரசுகளுக்கிடையிலான குழு அது. அது தானாக ஆய்வு எதுவும் செய்வதில்லை. வெளிவந்த ஆய்வுகளைப் படித்து எடைபோடுகிறது. ஆறாவது அறிக்கையின் முதற் பகுதிக்கு மட்டும் 234 ஆசிரியர்கள் 14,000 இற்கும் மேற்பட்ட கட்டுரைகளை எடுத்துக்கொண்டார்கள்.

நம்மவர்கள் கோட்டை விடுவது பெரும்பாலும் திகதியில்தான். அந்தப் பகுதிக்குச் சேர வேண்டிய கட்டுரைகள் 2021 ஜனவரி 31 இற்குள் சஞ்சிகையால் ஏற்கப்பட்டிருக்க வேண்டும். பெப்ரவரியில் ஏற்கப்பட்டது எவ்வளவு தரமானதாயினும் அடுத்த சுற்றுக்குத்தான். அடுத்த சுற்று என்றால் ஆறேழு ஆண்டு. ஆகவே ஆய்வைத் தொடங்கும்போதே கடைசித் திகதியைப் பார்த்து வையுங்கள். கட்டுரையில் எந்த மழைமானி நிலையம், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, விடுபட்ட நாட்களை எப்படி நிரப்பினீர்கள், பிழை வீச்சு எவ்வளவு என்பதெல்லாம் இருக்கட்டும். ‘கொழும்பில் மழை கூடிவிட்டது’ என்ற ஒற்றை வரியை வேறு நாட்டுத் தரவோடு ஒப்பிட எவராலும் முடியாது.

இன்னொரு கதவும் திறந்தே இருக்கிறது. வரைவறிக்கை வரும்போது, துறை அறிவு உள்ளவர் என்று தாமே அறிவித்து எவரும் மதிப்புரையாளராகப் பதியலாம். கட்டணம் இல்லை. கருத்தை அத்தியாயம், பக்கம், வரி இலக்கத்தோடு எழுத வேண்டும். ‘தெற்காசியா பற்றிப் போதாது’ என்றால் ஆசிரியர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். ‘இந்தப் பக்கம், இந்த வரி: முடிவு இந்தியத் தரவை மட்டும் வைத்துச் சொல்லப்பட்டது, இலங்கையில் இதற்கு மாறான போக்கை இந்தக் கட்டுரை காட்டுகிறது’ என்றால் அவர் பதில் சொல்லியே ஆக வேண்டும், ஏனெனில் கருத்தும் பதிலும் பின்னர் பகிரங்கமாக வெளியிடப்படும். மேலே சொன்ன பகுதிக்கு இப்படி 78,000 இற்கும் அதிகமான கருத்துகள் வந்தன.

இதற்குப் பிறகுதான் அரசுகள் உட்காருகின்றன. கொள்கை வகுப்போருக்கான சுருக்கத்தை ஒவ்வொரு வரியாக, எல்லா நாடுகளும் ஒத்துக்கொள்ளும்வரை பார்க்கிறார்கள். சொல் மழுங்குவது உண்மை. ஆனால் தானே ஒத்துக்கொண்ட வரியைப் பேச்சுவார்த்தையில் ‘எனக்குத் தெரியாது’ என்று ஒரு நாடு தள்ளிவிடுவதும் கடினம். என் கணக்கில் இது கட்டுபடியாகும் பேரம்.

கேள்வி: பூமி 1.5 பாகை வெப்பமாவது பற்றிய ஐ.பி.சி.சி. அறிக்கையை ஒரு காலநிலை மாநாடு ‘ஏற்க மறுத்தது’ என்று படித்தேன். அறிவியலை வாக்குக்கு விடுகிறார்களா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: வாக்கெடுப்பே அங்கு இல்லை, எல்லோரும் இணங்க வேண்டும். சிக்கலே அதுதான். 2015 இல் பாரிஸ் மாநாடுதான் அந்த அறிக்கையைக் கேட்டது. 2018 ஒக்டோபரில் அது வந்தது. அந்த டிசம்பரில் போலந்தின் கட்டோவிச்சேயில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில், மாலைதீவு உள்ளிட்ட தீவு நாடுகள் ‘அறிக்கையை வரவேற்கிறோம்’ என்று எழுதச் சொன்னார்கள். அமெரிக்கா, சவூதி அரேபியா, ரஷ்யா, குவைத் ஆகிய நான்கும் ‘கவனத்தில் எடுத்தோம்’ என்பதோடு நிற்கச் சொன்னார்கள். வரவேற்றால் அதன்படி நடக்கச் சொல்வார்கள்; கவனத்தில் எடுத்தால் அலுமாரியில் வைத்துவிடலாம். கடைசியில் ‘அறிக்கை உரிய காலத்தில் முடிந்ததை’ வரவேற்றார்கள். பிள்ளை நேரத்துக்குப் பிறந்ததை வாழ்த்திவிட்டுப் பிள்ளையைத் தூக்காமல் போன மாதிரி.

கேள்வி: உலகம் 2030 இற்குள் பச்சைவீட்டு வாயு வெளியீட்டை 43 சதவீதம் குறைக்க வேண்டும் என்கிறார்கள். இலங்கை 2021 இல் சொன்னது 14.5 சதவீதம். நாம் மூன்றில் ஒரு பங்குதான் செய்கிறோமா?
– ஆசிரியர், தெஹிவளை

பதில்: இரண்டையும் ஒரே தராசில் போட முடியாது. 43 என்பது 2019 இல் உலகம் வெளியிட்ட அளவிலிருந்து குறைப்பது, ஐ.பி.சி.சி.யின் எண், 2023 இல் துபாய் காலநிலை மாநாட்டின் முடிவில் அப்படியே ஏறியது. நமது 14.5 என்பது ‘எதுவும் செய்யாவிட்டால் எவ்வளவு ஆகியிருக்கும்’ என்ற எதிர்கால ஊகத்திலிருந்து குறைப்பது. உதாரணத்துக்கு, இன்று 100 என்றும் சும்மா விட்டால் 140 ஆகும் என்றும் வையுங்கள். 140 இல் 14.5 சதவீதம் கழித்தால் 119.7. குறைத்தும் கூடியிருக்கிறது! அந்த 14.5 இலும் நாமே செய்வது 4, மிச்சம் 10.5 வெளியுதவி கிடைத்தால்தான். வகுப்பில் கற்பிக்கும்போது சதவீதத்துக்கு முன் ‘எதிலிருந்து?’ என்று கேட்கப் பழக்குங்கள்.

கேள்வி: நெல்வயலிலிருந்து வரும் மெதேன் வாயு காபனீரொட்சைட்டைவிட 21 மடங்கு வெப்பமூட்டும் என்கிறது ஒரு நூல், இன்னொன்று 28 என்கிறது. எது சரி?
– வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: இரண்டும் 100 ஆண்டில் ஏற்படும் வெப்பத்தின் கணக்குத்தான், கணக்கிட்ட காலம்தான் வேறு. பாரிஸ் உடன்படிக்கைக்கு முந்திய கியோட்டோ உடன்படிக்கையின் முதற் கட்டத்துக்கு 21, இரண்டாவதற்கு 25, பாரிஸ் உடன்படிக்கைக் கணக்குக்கு ஐ.பி.சி.சி.யின் ஐந்தாவது அறிக்கையின் 28. ஆறாவது அறிக்கை நெல்வயல் போன்ற உயிரியல் மூலங்களுக்கு 27 என்கிறது, ஆனால் பேச்சுவார்த்தை விதி இன்னும் 28 இல்தான் நிற்கிறது. பழைய அட்டவணையோடு புதியதை ஒட்டும்போது கவனம்: 1,000 தொன் மெதேன், காபனீரொட்சைட்டுக் கணக்கில் 21,000 தொன்னிலிருந்து 28,000 தொன்னாகத் தாவும், வயலில் ஒரு குமிழிகூடக் கூடாமலே. முதலாம் ஆண்டிலிருந்து எல்லா வரிசையையும் 28 ஆல் மீண்டும் பெருக்கிவிட்டே ஒப்பிடுங்கள்.