வெர்சாயின் வறண்ட தொட்டிகள் (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நான் சிவில் எஞ்சினியரிங்கில் முதுநிலைப் படிப்பு படிக்கிறேன். மாணவர் பரிமாற்றத் திட்டத்தின் கீழ் ஒரு பருவம் படிப்பதற்காகப் பாரீஸ் வந்திருக்கிறேன். பிப்ரவரியில் எங்கள் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் பிரிவு, பல நாடுகளிலிருந்து வந்த எங்களையெல்லாம் ஒரு நாள் பயணமாக வெர்சாய் அரண்மனைக்கு அழைத்துச் சென்றது. பெரிய எதிர்பார்ப்போடு போனேன். உள்ளே நெரிசல் தாங்க முடியவில்லை. கண்ணாடி மண்டபத்தில் நான் பார்த்தது தலைக்கு மேல் உயர்ந்திருந்த கைபேசிகளைத்தான். தோட்டத்துக்கு வந்தால் ஒரு நீரூற்றும் ஓடவில்லை. சலவைக்கல் சிலைகளைக் குளிருக்காக உறை போட்டு மூடியிருந்தார்கள். ஒரு தொட்டியில் தங்க முலாம் பூசிய தவளைகள் மட்டும் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தன. திரும்பும் ரயிலில் எங்களுக்குள் வாக்குவாதம். மக்கள் வயிற்றில் அடித்துக் கட்டியதை வியந்து பார்ப்பதே தவறு என்றார் ஒருவர். அப்படிப் பார்த்தால் உலகில் எந்தக் கலைச்சின்னத்தையும் பார்க்க முடியாது என்றார் இன்னொருவர். எனக்கு இருவர் சொல்வதும் சரியென்று பட்டது. இத்தகைய இடத்தை எப்படிப் பார்ப்பது? திப்பு சுல்தானின் தூதர்கள் அங்கே வந்திருந்தார்கள் என்று வழிகாட்டி போகிற போக்கில் சொன்னார், அது உண்மையா? ஊர் திரும்புவதற்குள் இன்னொரு முறை போகலாமா என்றும் யோசிக்கிறேன்.

அன்புடன்,
ம., பாரீஸ்

அன்புள்ள ம.,

நீங்கள் குறையாகச் சொல்லும் நெரிசலும் வறண்ட தொட்டிகளும் வெர்சாய்க்குப் புதியவை அல்ல. மன்னர் காலத்திலேயே இரண்டும் இருந்தன. நெரிசலைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். பதினான்காம் லூயி தம் அரசவையையும் அரசாங்கத்தையும் 1682 மே 6 அன்று முறையாக அங்கே மாற்றிக்கொண்ட பிறகு, கண்ணியமாக உடுத்திய எவரும் அரண்மனைக்குள் வந்து போகலாம் என்ற நிலை இருந்தது. ஆண்களுக்குத் தொப்பியும் இடுப்பில் வாளும் வேண்டும். வாள் இல்லாதவர்கள் வாயிலிலேயே வாடகைக்கு எடுத்துக் கட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். 73 மீட்டர் நீளமுள்ள அந்த மண்டபத்தில் 357 கண்ணாடிகளைப் பதித்ததே வந்து குவியும் கூட்டத்தைப் பல மடங்காகப் பெருக்கிக் காட்டத்தான் என்பது என் எண்ணம். ஆகவே ஆளில்லாத மண்டபத்தைப் பார்த்திருந்தால் நீங்கள் பார்த்தது வெர்சாயாக இருந்திருக்காது. கைபேசிகளுக்கு மட்டும் என்னிடம் சமாதானம் இல்லை.

தண்ணீர் விஷயம் பெரியது. பொறியியல் மாணவராகிய உங்களுக்கு அந்த இடத்தைத் திறந்துகாட்டும் வாசலும் அதுதான் என்று நினைப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அவருடைய தந்தை பதின்மூன்றாம் லூயி 1623இல் அங்கே வேட்டைக்காகச் சிறியதொரு மாளிகை கட்டியபோது சுற்றிலும் காடும் சதுப்பும்தான் இருந்தன. பக்கத்தில் சொல்லிக்கொள்ளும்படியான ஆறு கிடையாது. சேன் நதி சுமார் பத்துக் கிலோமீட்டர் தள்ளி, மிகத் தாழ்ந்த மட்டத்தில் ஓடுகிறது. பார்க்க அழகில்லாத, மரமும் நீரும் நல்ல மண்ணும் இல்லாத இடத்தைப் பதினான்காம் லூயி தேர்ந்தெடுத்துக்கொண்டார் என்று சேன்-சிமோன் பிரபு பிற்பாடு தம் நினைவுக்குறிப்புகளில் கசந்துகொண்டார். அந்த இடத்தில்தான் தோட்டக்கலைஞர் லெ நோத்ர் தொட்டி தொட்டியாக நீரூற்றுகள் நிறைந்த தோட்டத்தை அமைத்தார். முதலில் பக்கத்திலிருந்த கிளான்யி குளத்திலிருந்து குதிரைகள் சுற்றும் இறைவை கொண்டு நீர் ஏற்றினார்கள். அடுத்து காற்றாலைகளைக் கொண்டு பியேவ்ர் என்ற சிற்றாற்றிலிருந்து ஏற்றினார்கள். இரண்டும் போதவில்லை. தெற்குப் பிரான்சில் பெரிய கால்வாய் வெட்டிப் பெயர் பெற்ற ரிகே, லுவார் நதியையே வெர்சாய்க்குத் திருப்பிவிடுவதாக ஒரு திட்டத்தோடு வந்தார். நதி அரண்மனையைவிட உயரத்தில் இருக்கிறது என்பது அவர் கணக்கு. பூமியின் அளவைத் துல்லியமாகக் கணித்த வானியலாளர் ழான் பிகாரை அனுப்பி நிலமட்டம் பார்க்கச் சொன்னார்கள். தொலைநோக்கி பொருத்திய மட்டக்கருவியோடு அவர் அளந்து பார்த்து, அந்த இடத்தில் நதி தாழ்வாகவே ஓடுகிறது, நீர் ஒருபோதும் வெர்சாய்க்கு ஏறாது என்று சொல்லிவிட்டார். நாட்டிலேயே மிகுந்த அதிகாரம் படைத்த மனிதரின் ஆசையை ஒரு மட்டக்கருவியின் அளவீடு தடுத்து நிறுத்தியது. வெர்சாயின் வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த கட்டம் இது.

பிறகு, சுற்றிலும் உள்ள மேட்டு நிலங்களில் விழும் மழைநீரைச் சேர்க்க ஏரிகளை வெட்டி, அவற்றுக்கு வரத்து வாய்க்கால்களை இழுத்து, ஏரியிலிருந்து ஏரிக்கு நீரை இறக்கிக் கொண்டுவந்தார்கள். ராம்புயே, திராப், சக்லே பக்கங்களிலிருந்து வந்த அந்த வாய்க்கால் வலையின் நீளத்தைக் கூட்டினால் சுமார் 200 கிலோமீட்டர் வரும். அதுவும் போதாமல் 1684இல் சேன் நதிக்கரையில் மார்லி இயந்திரத்தை நிறுவினார்கள். கிட்டத்தட்ட 12 மீட்டர் விட்டமுள்ள 14 நீர்ச்சக்கரங்கள், இருநூற்றுக்கும் மேற்பட்ட பம்புகளை இயக்கி, மூன்று கட்டங்களாக நீரைச் சுமார் 150 மீட்டர் உயரத்துக்கு ஏற்றின. மரமும் இரும்பும் உரசும் ஓசை சுற்று வட்டாரத்தாரைப் படுத்தியெடுத்தது. அப்படி ஏற்றிய நீரிலும் பெரும்பங்கை மன்னரின் இன்னொரு மாளிகையான மார்லி எடுத்துக்கொண்டது.

இவ்வளவுக்குப் பிறகும் எல்லா நீரூற்றுகளையும் ஒரே நேரத்தில் ஓடவிட நீர் இருந்ததில்லை. எனவே மன்னர் உலாவரும்போது, அவர் நெருங்கும் தொட்டிக்கு மட்டும் திருகைத் திறந்துவிட்டு, அவர் கடந்ததும் மூடிவிடுவார்கள். நீர்த்திருகு ஊழியர்கள் ஒருவருக்கொருவர் விசிலடித்துச் சைகை கொடுத்துக்கொண்டார்கள். மன்னர் திரும்பிப் பார்த்தால் அவருக்குப் பின்னால் தொட்டி வறண்டிருக்கும். தோட்டத்தை எந்த வரிசையில் சுற்றிப் பார்க்க வேண்டும், எங்கே நின்று எதைக் கவனிக்க வேண்டும் என்று லூயியே ஒரு வழிகாட்டிக் குறிப்பு எழுதிவைத்திருக்கிறார். அந்த வரிசையில் அழகுணர்ச்சியோடு நீர்ச் சிக்கனமும் கலந்திருக்கிறது என்றே நான் படிக்கிறேன். பிப்ரவரியில் ஓடாத ஊற்றுகளுக்கு முன்னால் நின்ற நீங்கள், மன்னர் முதுகுக்குப் பின்னால் இருந்த வெர்சாயைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள்.

நீங்கள் கண்ட தவளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது லத்தோனா ஊற்று. இரண்டு கைக்குழந்தைகளோடு தாகத்தால் தவித்து வந்த லத்தோனா என்ற தேவிக்கு, குளத்தருகே நின்ற குடியானவர்கள் நீர் தர மறுத்துக் குளத்தைக் கலக்கிச் சேறாக்கினார்கள்; அதற்காக அவர்கள் தவளைகளாகச் சபிக்கப்பட்டார்கள் என்பது கதை. கிட்டப் போய்ப் பார்த்தீர்களானால், எல்லாமே முழுத் தவளைகள் இல்லை என்பது தெரியும்: ஒருவனுக்கு உடல் மனித உடலாகவே இருக்க முகம் மட்டும் தவளையாகியிருக்கும், மற்றவர்கள் மாற்றத்தின் வெவ்வேறு கட்டங்களில் நிற்பார்கள். லூயியின் இளமையில் கிளர்ச்சி செய்தவர்களுக்கான எச்சரிக்கையாக இதைப் படிப்பவர்கள் உண்டு, ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு. நீருக்காகப் பல காத தூரம் அலைந்த ஒரு மன்னர், நீர் தர மறுத்த குடியானவர்களின் தண்டனையைத் தம் தோட்டத்தின் நடுவில் நிறுத்தியிருப்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, முகமும் சுளிக்கிறது.

இனி ரயில் வாக்குவாதம். உங்கள் நண்பர்கள் இருவரும் அரண்மனையைத் தராசில் வைத்து, கலையா ரத்தமா என்று எடை போடுகிறார்கள். எனக்கு அந்தத் தராசில் நம்பிக்கையில்லை. எவ்வளவு அழகு எத்தனை உயிர்களுக்கு ஈடாகும் என்று யாராலும் சொல்ல முடியாது. சொல்ல முடியாததால் வாக்குவாதம் அடுத்த ஸ்டேஷன் வந்ததும் முடிந்துவிடும். அதற்குப் பதிலாக, விலையை விவரமாகத் தெரிந்துகொள்ளலாம். 1685இல் வெர்சாயிலும் அதைச் சுற்றியும் 36,000 பேர் வேலை செய்துகொண்டிருந்ததாக அரசவையைச் சேர்ந்த தாஞ்சோ தம் நாட்குறிப்பில் எழுதினார். அதற்கு ஏழாண்டுகளுக்கு முன், 1678 அக்டோபரில், மதாம் த செவின்யே என்ற பிரபுகுலப் பெண்மணி ஒரு கடிதத்தில், வேலையாட்கள் கூட்டம் கூட்டமாகச் சாகிறார்கள் என்றும், பிணங்களை இரவுதோறும் வண்டிகளில் ஏற்றிச் செல்கிறார்கள் என்றும், மற்ற வேலையாட்கள் மிரண்டுவிடக் கூடாது என்பதற்காக அதை மறைக்கிறார்கள் என்றும் குறிப்பிட்டார். இவர் மன்னரின் எதிரி அல்லர்; அரசவையின் பகட்டில் மயங்கியவர்தான்.

அந்த விலையைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் மாந்தெனோன் என்ற சிற்றூருக்குப் போங்கள். யூர் என்ற ஆற்றை எண்பது கிலோமீட்டர் தூரம் கால்வாய் வழியாக வெர்சாய்க்குக் கொண்டுவரும் திட்டத்தை 1685இல், கோட்டைகள் கட்டுவதில் பேர்போன வோபானைக் கொண்டு தொடங்கினார்கள். இருபதாயிரம், முப்பதாயிரம் என்று படைவீரர்களை மண்வெட்டியோடு இறக்கினார்கள். சதுப்பு நிலக் காய்ச்சலில் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். 1688இல் போர் மூண்டதும் வீரர்கள் எல்லைக்குப் போய்விட்டார்கள், வேலை நின்றது, அதன் பிறகு தொடரவேயில்லை. மூன்றடுக்காகத் திட்டமிட்ட நீர்ப்பாலத்தின் முதல் அடுக்கு வளைவுகள் மட்டும் அவ்வூர் மாளிகைத் தோட்டத்தில் இன்றும் நிற்கின்றன. ஒரு சொட்டு நீரும் அதன் மேல் ஓடியதில்லை. அதே போருக்காக 1689இல் கண்ணாடி மண்டபத்து வெள்ளி மேசைகளையும் விளக்குத் தாங்கிகளையும் லூயி உருக்கிக் காசாக்கினார். ஆக, மன்னரின் விருப்பத்துக்கும் ஓர் எல்லை இருந்தது. அதைக் கண்ணாடியிலும் தங்கத்திலும் பார்க்க முடியாது, தண்ணீரில் பார்க்கலாம். உங்கள் நண்பர்கள் இருவரையும் மாந்தெனோனுக்கு அழைத்துச் செல்ல முடிந்தால் அவர்கள் சண்டை வேறு தளத்துக்குப் போகும்.

திப்புவின் தூதர்கள் வந்தது உண்மை. 1787இல் புதுச்சேரியிலிருந்து கப்பலேறிய மூவர், மறு ஆண்டு ஜூனில் தூலோன் துறைமுகத்தில் இறங்கினார்கள். பதினாறாம் லூயி அவர்களை 1788 ஆகஸ்ட் 10 அன்று ஹெர்குலிஸ் மண்டபத்தில் வரவேற்றார். நீங்கள் அந்த மண்டபத்தைக் கடந்துதான் போயிருப்பீர்கள். கூரை முழுக்க ஓவியமும் சுவரில் இத்தாலிய ஓவியர் வெரோனேசின் மாபெரும் விருந்துக் காட்சியும் இருக்கும். ஆங்கிலேயருக்கு எதிராகப் படையுதவியும், கூடவே கைவினைஞர்களும் வேண்டும் என்பது திப்புவின் கோரிக்கை. வரவேற்பு தடபுடலாக நடந்தது. செவ்ர் பீங்கான்கள் பரிசாகக் கிடைத்தன. கேட்ட படை கிடைக்கவில்லை. காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். வரவேற்பு நடந்த ஆறாம் நாள், ஆகஸ்ட் 16 அன்று, கருவூலம் காலியாகி அரசு ரொக்கமாகப் பணம் கொடுப்பதை நிறுத்திவைத்தது. அந்தப் பெரிய கூரையின் கீழ் நின்று உதவி கேட்டவர்களுக்கு, உதவி தருபவர் கையிலும் ஒன்றுமில்லை என்று எப்படித் தெரியும்? அடுத்த ஆண்டு அக்டோபர் 5 அன்று, ரொட்டி கிடைக்காத பாரீஸ் பெண்கள் மழையில் நடந்தே வெர்சாய் வந்து, மறுநாள் அரச குடும்பத்தைத் தங்களோடு தலைநகருக்கு அழைத்துப் போய்விட்டார்கள்.

இன்னொரு முறை அவசியம் போங்கள். ஏப்ரல் தொடங்கினால் வாரக் கடைசிகளில் நீரூற்றுகளை ஓடவிடுவார்கள். அந்த நாள்களில் தோட்டத்துக்குத் தனிக் கட்டணம் உண்டு, ஆனால் கொடுக்கலாம். ஒலிபெருக்கியில் வரும் பழைய இசையைப் பொருட்படுத்தாதீர்கள். அன்று அரண்மனைக்குள் நுழையவே வேண்டாம் என்பது என் யோசனை. ஊருக்குள் மோன்போரோன் குன்றின் மேல் இருக்கும் நீர்த்தேக்கங்களின் பக்கம் முதலில் நடந்துவிட்டு, பிறகு அரண்மனைக்குப் பின்னால் இரண்டு பெரிய தொட்டிகள் உள்ள மேல்தளத்துக்கு வாருங்கள். எல்லோரும் படம் எடுத்துக்கொள்ளும் அந்தத் தளத்துக்கு அடியில் பெரிய நிலத்தடி நீர்த்தேக்கம் இருக்கிறது. ஊற்றுகளுக்குப் போகும் நீர் இன்றைக்கும் உயர வித்தியாசத்தாலேயே பீய்ச்சி அடிக்கிறது. கால் வலிக்காவிட்டால் தெற்கே இறங்கி, சுவிஸ் வீரர்கள் சதுப்பைத் தோண்டி உருவாக்கிய ஏரியையும், தோண்டிய மண்ணைக் கொட்டி மேடாக்கி அமைத்த மன்னரின் காய்கறித் தோட்டத்தையும் பாருங்கள். ஒன்பது ஹெக்டேரில் அது இன்றும் காய்க்கிறது. விளைந்ததை அங்கேயே விற்கிறார்கள். மாந்தெனோனுக்குப் பாரீஸின் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து ஷார்த்ர் போகும் ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. திங்கட்கிழமை வெர்சாய் அரண்மனைக்கு விடுமுறை என்பதால் அந்த நாளை இதற்கு வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். ஆனால் மாந்தெனோன் மாளிகை திறந்திருக்கும் நாள்களைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

அன்புடன்.