கெம்புச் செட்டும் கவரிங் நகையும்: பழையவற்றைப் பேணுவது எப்படி?

நாட்டிய நகைகள், பாட்டி காலத்துக் கவரிங், கல் வைத்த சேலை ஊசிகள் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். என் கைக்கு வரும் பழைய செட்டுகளில் பாதிக்கு மேல் அழுக்கால் கெட்டவை அல்ல, அழுக்கை எடுக்கிறேன் என்று தேய்த்ததால் கெட்டவை. பதில்களில் ‘வேண்டாம்’ என்ற சொல் அடிக்கடி வந்தால் அதுதான் காரணம்.

மகளின் அரங்கேற்றத்துக்காக என் மாமியார் தம்முடைய பழைய நாகர்கோவில் கெம்புச் செட்டைக் கொடுத்திருக்கிறார். நெற்றிச்சுட்டி, சூரியன், சந்திரன், ராக்கொடி, அட்டிகை என எல்லாம் இருக்கின்றன. கற்கள் மங்கிவிட்டன. பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவலாமா அக்கா? (திருச்சி)

ஊறவைக்கவே வேண்டாம் அம்மா. தங்க நகைக்குப் பூந்திக்கொட்டை நல்லதுதான், ஆனால் இது கட்டப்பட்ட விதமே வேறு. நாகர்கோவில் வடசேரியில் பழைய முறைப்படி செய்த நகை என்றால், வெள்ளித் தகட்டில் கூடு கட்டி, உள்ளே அரக்கு நிரப்பி, அதில் கல்லைப் பதித்து, விளிம்பில் தங்க ரேக்கு, அதாவது மிக மெல்லிய தங்கத் தகடு, ஒட்டியிருப்பார்கள். கெம்பு என்ற சிவப்புக் கல்லுக்கு அந்த ஒளியைத் தருவதில் கல்லுக்கு அடியில் இருக்கும் மினுமினுப்புத் தாளுக்குப் பெரிய பங்கு உண்டு. தண்ணீர் உள்ளே கசிந்தால் அந்தத் தாள் கறுத்துவிடும். அதன் பிறகு கல்லின் மேற்பரப்பை எவ்வளவு துடைத்தாலும் ஒளி திரும்பாது.

அதனால் மங்கல் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். கையில் ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு, டார்ச் வெளிச்சத்தில் நகையை மெல்லச் சாய்த்துப் பார்க்க வேண்டும். கல்லின் முகமே பூத்துப்போய்த் தெரிந்தால், அது எண்ணெயும் பவுடரும் சேர்ந்த படலம். அதைப் போக்கிவிடலாம். முகம் வழவழவென்று பளபளத்து, உள்ளே மட்டும் மேகம் கவிந்ததுபோல் ஒரு கறுப்புத் திட்டு இருந்தால், தாள் கெட்டிருக்கிறது. அதைக் கல்லைக் கழற்றி மாற்றத் தெரிந்த கைவினைஞரிடம்தான் கொடுக்க வேண்டும்.

மேல் படலத்துக்கு முதலில் ஓவியர்கள் பயன்படுத்தும் மெல்லிய தூரிகையால் உலர்வாகவே தூசி தட்டுங்கள். பிறகு காது குடையும் பஞ்சுக் குச்சியைத் தண்ணீரில் தொட்டு, துணியில் ஒற்றி, ஈரம் இருக்கிறதோ இல்லையோ என்ற அளவில் ஒவ்வொரு கல்லாகத் துடையுங்கள். ஒரு கல் முடிந்ததும் உலர்ந்த குச்சியால் ஒற்றிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். ஒரு ராக்கொடிக்கு ஒரு மாலைப்பொழுது போய்விடும், போகட்டும். காயவைக்க மின்விசிறிக் காற்றே போதும். வெயிலில் வைக்காதீர்கள், ஹேர் டிரையர் பிடிக்காதீர்கள். சூட்டில் அரக்கு இளகிக் கற்கள் சரிந்துவிடும்.

நிகழ்ச்சி முடிந்ததும் தலைசாமானில் (தலையில் அணியும் நாட்டிய நகைகளில்) வியர்வையும் பான்கேக் மேக்கப்பும் அப்பியிருக்கின்றன. சானிடைசர் தொட்டுத் துடைத்தால் உடனே போய்விடுகிறது. தொடரலாமா? (சென்னை, நாட்டிய மாணவி)

இன்றோடு நிறுத்திவிடுங்கள். சானிடைசரில் இருப்பது ஆல்கஹால், அரக்கு ஆல்கஹாலில் கரையும். மர மேசைக்கு அடிக்கும் பிரெஞ்சு பாலிஷ் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துச் செய்வதுதான். சென்ட், ஹேர் ஸ்பிரே இரண்டிலும் பொதுவாக ஆல்கஹால் உண்டு. அவற்றை அடித்து முடித்து, நன்றாகக் காய்ந்த பிறகே நகை அணிய வேண்டும்.

ஒப்பனை அறையிலேயே செய்ய வேண்டிய வேலை இது: நகையைக் கழற்றிய உடனே, வியர்வை காய்வதற்குள், பழைய பருத்தி வேட்டித் துண்டால் பின்பக்கத்தைத் துடையுங்கள். எல்லோரும் முகப்பைத் துடைப்பார்கள், வியர்வை தங்குவதோ நகையின் முதுகில். வீட்டுக்கு வந்ததும் பெட்டியில் பூட்டாமல் இரவு முழுவதும் ஒரு துணியில் பரப்பி வையுங்கள். ராக்கொடியும் ஜடைநாகமும் ஈர மல்லிகைச் சரத்தோடு மணிக்கணக்கில் ஒட்டிக் கிடந்தவை, அவை காய நேரம் எடுக்கும்.

அம்மாவின் கவரிங் சங்கிலியில் கண்ணிகளுக்கு இடையே பச்சையாகப் படிந்திருக்கிறது. புளி போட்டுத் தேய்க்கலாமா? (மதுரை)

அது களிம்பு. கவரிங்கின் உள்ளே இருப்பது செம்பு அல்லது பித்தளை. மேல்பூச்சு தேய்ந்த இடத்தில் வியர்வையும் காற்றும் பட்டுப் பச்சை பூக்கிறது. புளி அந்தக் களிம்பைக் கரைக்கும், உண்மைதான். ஆனால் தேய்க்கிற தேய்ப்பில் பக்கத்தில் மீந்திருக்கும் பூச்சும் போய்விடும். சாதாரணக் கவரிங்கில் தங்கப் பூச்சு ஒரு மைக்ரானுக்கும் குறைவாகவே இருக்கும். நம் தலைமுடி அதைப்போல் ஐம்பது மடங்குக்கும் மேல் தடிமன்.

பல் குத்தும் மூங்கில் குச்சியின் முனையால் பச்சையை உலர்வாகச் சுரண்டி எடுங்கள். ஊசி வேண்டாம், கீறிவிடும். கல் இல்லாத சங்கிலி என்பதால் இதற்குத் தண்ணீர் ஆகும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு மென்மையான சோப்புக் கரைசல் விட்டு, ஒரு நிமிடம் அலசி, நல்ல தண்ணீரில் கழுவி, துணியில் ஒற்றி, கண்ணிகளுக்குள் ஈரம் இல்லாமல் காற்றில் உலரவிடுங்கள். பூச்சு போன இடத்தில் களிம்பு மறுபடி வரும். அணியும் ஒவ்வொரு முறையும் துடைத்து வைத்தால் மெதுவாக வரும், அவ்வளவுதான்.

பற்பசை? திருநீறு? (ஈரோடு)

இரண்டும் தேய்ப்பான்கள். முழு வெள்ளியில் செய்த குத்துவிளக்குக்குத் திருநீறு சரி. முலாம் பூசிய எதற்கும் இரண்டுமே வேண்டாம்.

பாட்டியின் மாங்காய் மாலைக்கு மறுமுலாம் போட்டால் புதிது போல் ஆகும் என்கிறார்கள். செய்யலாமா? (கோயம்புத்தூர்)

முதலில் அடியில் என்ன உலோகம் என்று பாருங்கள். கழுத்தில் உரசித் தேய்ந்த இடத்தை, பெரும்பாலும் மாங்காயின் பின்புற விளிம்பை, நன்றாக உற்றுப் பாருங்கள். வெளுத்துக் கறுப்புப் படர்ந்திருந்தால் பெரும்பாலும் வெள்ளி, சிவந்திருந்தால் செம்பு, மஞ்சளாக இருந்தால் பித்தளை.

வெள்ளியில் தங்க ரேக்கு ஒட்டியதாக இருந்தால் கை வைக்காதீர்கள். மறுமுலாம் போடுபவர் பழைய பூச்சை எடுத்து, பாலிஷ் சக்கரத்தில் பிடித்து, ரசாயனத் தொட்டியில் அமிழ்த்தி எடுப்பார். அரக்கும் தாளும் அதைத் தாங்கா. கற்களையெல்லாம் கழற்றித்தான் செய்ய முடியும், கழற்றிய கல் அதே கூட்டில் அதே இறுக்கத்தோடு உட்காரும் என்று நம்ப முடியாது. ரேக்கின் அடங்கிய மஞ்சளும் மின்முலாமின் பளீரென்ற மஞ்சளும் ஒன்றல்ல. ஐம்பது ஆண்டு கழுத்தில் கிடந்து வந்த அந்த நிறத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. எனக்கு இதில் பிடிவாதம் உண்டு. செம்பில் செய்த, கல் இல்லாத வெறும் கவரிங்காக இருந்தால் தாராளமாகப் போடுங்கள்.

அம்மாவின் பழைய சேலை ஊசியில் வானவில் நிறமடிக்கும் கற்கள் இருக்கின்றன. ஒன்று விழுந்துவிட்டது. சூப்பர் குளூ போதுமா? (பினாங்கு)

அந்த வானவில் கல்லுக்குள் இல்லை, மேலே படிந்த மெல்லிய உலோகப் படலத்தில் இருக்கிறது. ஆஸ்திரியாவின் சுவரோவ்ஸ்கி நிறுவனம் கிறிஸ்டியன் டியோருடன் சேர்ந்து 1956இல் கொண்டுவந்த பூச்சு அது. அரோரா போரியாலிஸ் என்று பெயர். பிறகு பலரும் அப்படிச் செய்தார்கள். கரடுமுரடான துணியால் தேய்த்தால் கல்லின் விளிம்புகளில் நிறம் போய்விடும்.

சூப்பர் குளூ உலரும்போது எழும் ஆவி பக்கத்துக் கற்களின் மேல் வெண்படலமாகப் படியும். இரண்டு குழாய்களில் வரும், மெதுவாக இறுகும் எபாக்சி வாங்குங்கள். குழியிலுள்ள பழைய பசையைக் குச்சியால் எடுத்துவிட்டு, குண்டூசித் தலை அளவு பசை வைத்தால் போதும். அதிகமானால் பசை பிதுங்கி வெளியே வரும். கல்லைத் தூக்க மெழுகுவத்தித் துண்டை விரலில் உருட்டிக் கூராக்கி, அதன் நுனியில் ஒட்டி எடுங்கள். ஒரு நாள் அசைக்காமல் வையுங்கள்.

ஜிமிக்கியின் அடியில் தொங்கும் முத்துகள் தோலுரிகின்றன. (யாழ்ப்பாணம்)

அவை கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் மணிக்கு மேல் முத்துப் பூச்சுப் பூசியவை. உரிந்த பூச்சை மீட்க வழியில்லை, அதே அளவில் புதிய மணி கோத்துக்கொள்ளலாம். நகப்பூச்சு அழிக்கும் திரவம் பக்கத்திலேயே வரக்கூடாது, மிச்சமிருக்கும் பூச்சையும் கரைத்துவிடும்.

பழைய கவரிங் தோடு போட்டால் காது அரிக்கிறது. (சேலம்)

பெரும்பாலும் நிக்கல்தான் காரணம். காது குத்திய துளைக்குள் போகும் தண்டிலிருந்து வாரத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 0.2 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் கசியக்கூடாது என்று ஐரோப்பாவில் சட்டமே இருக்கிறது. பழைய தோடுகள் அப்படிச் சோதிக்கப்பட்டவை அல்ல. நிறமில்லா நகப்பூச்சு பூசுவது சில நாள் தாங்கும், பிறகு தேய்ந்துவிடும். ஆசாரியிடம் கொடுத்துத் தண்டையும் திருகையும் மட்டும் தங்கத்தில் மாற்றிக்கொள்ளுங்கள், தோட்டின் முகப்பு அப்படியே இருக்கும். காது புண்ணாகியிருந்தால் முதலில் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

கடலோரத்தில் வீடு. எதில் வைத்தாலும் கறுத்துவிடுகிறது. எப்படி எடுத்து வைப்பது? (தூத்துக்குடி)

உப்புக் காற்று இருக்கும் ஊரில் காற்றை அடைப்பதுதான் வழி. ஒவ்வொரு உருப்படியையும் தனித்தனியாக மெல்லிய பருத்தித் துணியில் சுற்றி, ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடுங்கள். கூடவே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்றுங்கள். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாதீர்கள். அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும், பட்டை பட்டையாகக் கோடு விழும்.

நாட்டிய செட்டாக இருந்தால் எடுத்து வைக்கும்போதே கயிறுகளையும் பாருங்கள். அட்டிகையின் கயிறும் நெற்றிச்சுட்டியைக் கட்டும் நூலும் வியர்வையில் உளுத்திருக்கும். முடிச்சு விழும் இடத்தை இரண்டு விரலால் இழுத்துப் பாருங்கள், நார் பிரிந்தால் புதுக் கயிறு கட்டிவிட்டு வையுங்கள்.