ஆட்டோமேஷன் படித்தால் கார்பன் குறையுமா?

வணக்கம் ஐயா. காலநிலை மாற்றத்துக்காக உழைக்க ஆசைப்படும் மகள், சுற்றுச்சூழல் பொறியியலை விட்டுவிட்டு, ஆலை இயந்திரங்களைத் தானாக இயங்கவைக்கும் ஆட்டோமேஷன் பக்கம் போகிறாளே என்று வருந்தி எழுதியிருக்கிறீர்கள். அவள் சரியான இடத்துக்குத்தான் போகிறாள்.

தொழிற்சாலை மின்சாரத்தில் பெரும்பகுதியை இழுப்பவை மோட்டார்கள். பம்ப், கம்ப்ரஸர், பெரிய விசிறிகள் எல்லாம் அவற்றால்தான் ஓடுகின்றன. இன்றும் பல ஆலைகளில் பம்ப்பை முழு வேகத்தில் ஓடவிட்டு, வரத்து அதிகமானால் வால்வைத் திருகி அடக்குகிறார்கள். அந்த மின்சாரமும் அதைத் தயாரிக்கும்போது வெளியான கார்பனும் வீண். வேகத்தையே மாற்றும் டிரைவ் பொருத்தினால், மையவிலக்குப் பம்ப்புக்கு (சக்கரத்தைச் சுழற்றி நீரைத் தள்ளும் வகை) வேண்டிய மின்திறன், வேகத்தின் கனத்துக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்பக் குறையும். வேகம் 20 சதவீதம் குறைந்தால் மின்தேவை ஏறக்குறைய பாதியாகும். ஆனால் தண்ணீரை உயரத்துக்கு ஏற்றும் இடத்தில் இவ்வளவு மிச்சமாகாது. எங்கே எவ்வளவு மிச்சமாகும் என்று கணக்குப் போடத் தெரிந்தவர்கள்தான் ஆலைகளுக்குத் தேவை.

ஆட்டோமேஷனால் ஆகாததும் உண்டு. சிமென்ட் சூளையில் சுண்ணாம்புக்கல் சூடாகும்போது கல்லிலிருந்தே கார்பன் டை ஆக்சைடு பிரிகிறது. சிமென்ட் உற்பத்தியின் உமிழ்வில் பாதிக்கு மேல் அதுதான். சென்சார்கள் எரிபொருளை மிச்சப்படுத்தும், இந்த வேதிவினையை நிறுத்தாது. இன்னொன்று, சிக்கனமான இயந்திரத்தை வைத்துக்கொண்டு ஆலை கூடுதலாக உற்பத்தி செய்தால் மொத்த உமிழ்வு ஏறவும் கூடும். நீராவி இயந்திரங்கள் மேம்பட்டபோது நிலக்கரிச் செலவு கூடியதை 1865-லேயே ஆங்கிலப் பொருளியலாளர் ஜெவன்ஸ் சுட்டிக்காட்டினார். இதையெல்லாம் உங்கள் மகள் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. அப்போதுதான் வேலைக்குப் போனபின் மனம் உடையாது.

வேலை கிடைக்குமா என்பது உங்கள் அடுத்த கவலை. இரும்பு, சிமென்ட், அலுமினியம், உரம் போன்ற இறக்குமதிகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஜனவரி முதல் கார்பன் கட்டணத்தை நடைமுறைப்படுத்துகிறது. அங்கே விற்க நினைக்கும் ஆலை, தன் உமிழ்வை முறையாக அளந்து காட்ட வேண்டும். மீட்டர் பொருத்தி, தரவு சேகரித்து, அதற்குப் பொருள் சொல்லத் தெரிந்தவருக்கு மதிப்பு கூடும்.

ஆலை இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் சிறு கணினியான பி.எல்.சி.யின் புரோகிராமிங்கைப் பிறகுகூடப் பயிற்சி வகுப்பில் கற்கலாம். வெப்பமும் ஆற்றலும் எப்படி மாறுகின்றன என்று சொல்லும் வெப்ப இயக்கவியலை அப்படிப் பிடிப்பது கடினம். அதனால் மின்னியல், கருவியியல், வேதிப் பொறியியல் மூன்றில் ஒன்றை அடிப்படையாக எடுக்கச் சொல்லுங்கள். அப்புறம், ஐ.எஸ்.ஓ. 50001 ஆற்றல் மேலாண்மைத் தரத்தை விருப்பப் பாடமாகவோ குறும்படிப்பாகவோ சேர்க்கட்டும். கல்லூரியைப் பார்க்கப் போகும்போது ஆய்வகத்தில் மோட்டார், டிரைவ், பவர் மீட்டர் மூன்றும் இருக்கின்றனவா, மாணவர்களே அவற்றை இயக்குகிறார்களா என்று கேளுங்கள்.