பங்குச் சந்தை கேள்வி-பதில்: மருந்துப் பங்கின் பழைய விலைகள் சொல்வதும் சொல்லாததும்

கேள்வி: சன் பார்மா பங்கின் பல ஆண்டு தினசரி விலைகளை எடுத்து எக்செல்லில் கணக்கிட்டேன். 2010 நவம்பரில் ஒரே நாளில் சுமார் 80 சதவீதமும், 2013-இல் ஒரே நாளில் ஏறத்தாழப் பாதியும் விலை சரிந்ததாகக் காட்டுகிறது. உண்மையிலேயே அப்படி ஒரு வீழ்ச்சி நடந்ததா?
– ஈரோடு வாசகர்

பதில்: நடக்கவில்லை. 2010 நவம்பரில் அந்த நிறுவனம் தன் பங்கின் முகமதிப்பை 5 ரூபாயிலிருந்து 1 ரூபாயாகப் பிரித்தது. ஒரு பங்கு வைத்திருந்தவர் கையில் ஐந்து பங்குகள் சேர்ந்தன. விலையும் அதற்கேற்ப ஐந்தில் ஒன்றானது. 2013-இல் ஒன்றுக்கு ஒன்று போனஸ் பங்கு (கையிலிருந்த ஒவ்வொரு பங்குக்கும் இன்னொரு பங்கு இலவசம்) வழங்கியதால் விலை மீண்டும் பாதியானது. முதலீட்டாளரின் சொத்து மதிப்பு இந்த இரண்டு நாள்களிலும் குறையவில்லை. நீங்கள் எடுத்திருப்பது இந்த மாற்றங்களுக்கேற்பச் சரிக்கட்டப்படாத விலைகள். ஆகவே 2010 பிரிப்புக்கு முந்தைய விலைகளைப் பத்தாலும், அதற்குப் பிறகு 2013 போனஸ் வரையிலான விலைகளை இரண்டாலும் வகுத்துக்கொள்ளுங்கள். பங்குகளின் எண்ணிக்கை பெருகியிருப்பதால், வர்த்தக அளவை அதே எண்களால் பெருக்க வேண்டும் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

இதைச் சிறு பிழை என்று விட்டுவிட முடியாது. தினசரி ஏற்ற இறக்கம் 1.6 சதவீதமாக உள்ள ஒரு பங்கின் ஓராண்டுக் கணக்கில் இப்படி ஒரே ஒரு பொய்யான 80 சதவீத வீழ்ச்சி நுழைந்தாலும் போதும், 25 சதவீதமாக வரவேண்டிய ஆண்டு ஏற்ற இறக்கம் (கணக்கிடும் முறை அடுத்த பதிலில்) 80 சதவீதத்தைத் தாண்டிவிடும்.

கேள்வி: நான் கவனித்துவரும் ஒரு மருந்து நிறுவனப் பங்கின் ஆண்டு ஏற்ற இறக்கம் 25 சதவீதம் என்று தரகு நிறுவனத்தின் செயலி காட்டுகிறது. உலோகம், வங்கிப் பங்குகள் பலவற்றைவிட இது குறைவு. அப்படியானால் மருந்துப் பங்கைப் பாதுகாப்பானது என்று கொள்ளலாமா?
– கோவை வாசகர்

பதில்: அந்த எண் எப்படிக் கிடைத்தது என்பதை முதலில் பார்ப்போம். ஒவ்வொரு நாளின் முடிவு விலையும் முந்தைய நாளின் முடிவு விலையிலிருந்து எத்தனை சதவீதம் மாறியது என்று கணக்கிட்டு, அந்த மாற்றங்களின் திட்ட விலக்கத்தை (அவை தம் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்ற அளவை)க் கண்டு, ஆண்டுக்குச் சுமார் 252 வர்த்தக நாள்கள் என்பதால் 252-இன் வர்க்கமூலமான 15.87-ஆல் பெருக்குகிறார்கள். உங்கள் பங்கின் 25 சதவீதம் என்பது, நாளொன்றுக்குச் சுமார் 1.6 சதவீதம் என்பதற்குச் சமம்.

இந்தச் சராசரி எண்ணை மருந்துப் பங்குகளின் விஷயத்தில் நான் அதிகம் நம்புவதில்லை. மாற்றங்கள் பாடப்புத்தகத்து இயல்நிலைப் பரவலை, அதாவது சராசரியை ஒட்டியே பெரும்பாலும் குவியும் மணி வடிவப் பரவலைப் பின்பற்றுவதாக இருந்தால், 1.6 சதவீத விலக்கம் உள்ள பங்கு ஒரே நாளில் 10 சதவீதம் ஏறுவதோ இறங்குவதோ சுமார் ஒரு கோடி ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் நிகழ வேண்டும். நம் சந்தையிலோ, ஒரே பத்தாண்டில் பல பெரிய மருந்து நிறுவனங்கள் அந்த நாளைப் பார்த்துவிட்டன. மொஹாலி ஆலையின் மருந்துகளுக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இறக்குமதித் தடை விதித்ததையடுத்து, 2013 செப்டம்பர் 16 அன்று ரான்பாக்ஸி பங்கு சுமார் 30 சதவீதம் சரிந்தது. ஸ்ரீகாகுளம், மிரியாலகூடா, துவ்வாடா ஆகிய மூன்று ஆலைகளுக்கு அதே அமைப்பின் எச்சரிக்கைக் கடிதம் வந்த செய்தியால், 2015 நவம்பர் 6 அன்று டாக்டர் ரெட்டீஸ் 14 சதவீதத்துக்கு மேல் இழந்தது.

காரணம் தொழிலின் அமைப்பிலேயே இருக்கிறது. உள்நாட்டில் மாத்திரை விற்பனை மாதத்துக்கு மாதம் பெரிதாக மாறுவதில்லை. ஆகையால் சாதாரண நாள்களில் விலையும் அமைதியாக நகர்கிறது. ஆனால், அமெரிக்க ஏற்றுமதியை நம்பியுள்ள நிறுவனத்தின் வருமானத்தில் பெரும்பகுதி ஓரிரு ஆலைகளின் அனுமதியைச் சார்ந்திருப்பதால், ஒரு சோதனை அறிக்கையோ ஒரு வழக்கோ எதிர்பார்க்கும் லாபத்தை ஒரே மூச்சில் மாற்றிவிடுகிறது. அச்செய்திகளில் பலவும் அமெரிக்க நேரப்படி, நாம் உறங்கும்போதோ வார விடுமுறையிலோ வருகின்றன. பொதுப்பெயர் (ஜெனரிக்) மருந்துகளின் விலையை மருந்து நிறுவனங்கள் கூட்டுச் சேர்ந்து உயர்த்தியதாக அமெரிக்காவின் நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் வழக்குத் தொடுத்த செய்தி 2019 மே 10, வெள்ளிக்கிழமைக்குப் பிறகு பரவியது. திங்களன்று சன் பார்மா வர்த்தக நேரத்தில் கடுமையாக அலைபாய்ந்து, சுமார் 9 சதவீத இழப்புடன் முடிந்தது.

அதனால் முடிவு விலையை மட்டும் வைத்துக் கணக்கிடுவதும் போதாது. அன்றைய உச்சத்தையும் தாழ்வையும் மட்டும் வைத்துக் கணக்கிடுவதும் போதாது. நாளுக்குள் நேர்ந்த பெரிய சரிவும் மீட்சியும் முதல் முறையின் கண்ணில் படாது. முந்தைய நாள் முடிவுக்கும் மறுநாள் தொடக்கத்துக்கும் இடையே விழும் இடைவெளி இரண்டாவது முறையின் கண்ணில் படாது. தொடக்க விலையை முந்தைய முடிவோடு ஒப்பிடும் ஒரு தனி நெடுவரிசையைச் சேருங்கள். பிறகு ஐந்தாண்டுகளின் மிகப் பெரிய இருபது நகர்வுகளைத் தேதியுடன் எடுத்து, அன்றைய செய்தியை அருகில் எழுதுங்கள். அந்த இருபது வரிகள் 25 சதவீதம் என்ற எண்ணைவிட அதிகம் சொல்லும்.

இன்னொரு மாயமும் உண்டு. ஓராண்டுக் கணக்கில் ஒரு பெரிய வீழ்ச்சி நாள் இருந்தால், சரியாக ஓராண்டு கழித்து அந்த நாள் கணக்கிலிருந்து விழுந்துவிடும். நிறுவனத்தில் எதுவும் மாறாமலேயே ஏற்ற இறக்கம் திடீரெனக் குறைந்ததாகச் செயலி காட்டும். நிஃப்டி 13 சதவீதம் சரிந்த 2020 மார்ச் 23-ஐ உள்ளடக்கிய கணக்குகள் எல்லாம் 2021 மார்ச் முடிவில் இப்படித்தான் 'அமைதியாகின'. தவிர, இன்றைய மருந்துப் பங்குகளின் பட்டியலை மட்டும் எடுத்துப் பழைய ஆண்டுகளை ஆராய்ந்தால் ரான்பாக்ஸி அதில் இருக்காது. அது 2015-இல் சன் பார்மாவுடன் இணைந்தது. ஒரு ரான்பாக்ஸி பங்குக்கு 0.8 சன் பார்மா பங்கு கிடைத்தது. மோசமான நாள்களைச் சந்தித்த பங்கு பட்டியலிலிருந்தே மறைந்துவிட்டால், மிச்சமிருப்பவை அமைதியாகத் தெரிவதில் வியப்பில்லை.

கேள்வி: எந்தப் பங்கும் ஒரே நாளில் 20 சதவீதத்துக்கு மேல் சரியாதபடி சர்க்யூட் வரம்பு உள்ளதே? ஸ்டாப் லாஸும் (குறித்த விலைக்கு இறங்கினால் விற்கச் சொல்லும் ஆணை) போட்டுவிட்டால் மருந்துப் பங்கில் என் இழப்புக்கு எல்லை இருக்கும்தானே?
– திருநெல்வேலி வாசகர்

பதில்: 2, 5, 10, 20 சதவீத வரம்புகள் முன்பேர வர்த்தகத்தில் (பிற்காலத் தேதிக்கு இன்றே விலை பேசும் எஃப் அண்ட் ஓ) இல்லாத பங்குகளுக்கே உரியவை. எஃப் அண்ட் ஓ பட்டியலில் உள்ள பெரிய மருந்துப் பங்குகளுக்கு நிலையான வரம்பு கிடையாது; 10 சதவீதத்தில் ஒரு தற்காலிக வரம்பு வைத்து, விலை அதை நெருங்கினால் விதிகளின்படி படிப்படியாகத் தளர்த்துகிறார்கள். மேலே சொன்ன ரான்பாக்ஸியின் 30 சதவீதம் ஒரே நாளில் நிகழ்ந்தது அப்படித்தான்.

ஸ்டாப் லாஸ் நாளுக்குள் நிதானமாக இறங்கும் விலைக்கு உதவும். 950 ரூபாயில் அதைப் போட்டுவிட்டு நீங்கள் உறங்கி, மறுநாள் பங்கு 840 ரூபாயில் தொடங்கினால், சந்தை விலை ஆணையாக இருந்தால் 840-ஐ ஒட்டித்தான் விற்கும். 950-க்குக் கீழே விற்க வேண்டாம் என்ற வரம்பு ஆணையாக இருந்தால் விற்காமலே நின்றுவிடும். ஆகவே இழப்பின் எல்லையை வாங்கும் அளவிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஒரே இரவில் 30 சதவீதம் போனாலும் தாங்கக்கூடிய தொகைக்கு மேல் ஒரு மருந்துப் பங்கில் போட வேண்டாம்.