கணினிக் கேள்வி பதில்: கிராஃபிக்ஸ் அமைப்பை எந்தக் கோப்பில் எழுதுவது?

கேள்வி: எங்கள் வகுப்பில் உபுண்டு போட்ட 12 மெஷின்கள், எல்லாம் இன்டெல் கிராஃபிக்ஸ். பிள்ளைகள் ஆளுக்கொரு பயனர் பெயரில் நுழைகிறார்கள். திரையில் படம் வெட்டுப்பட்டுத் தெரிந்ததால், வி-சிங்க் (படத்தைத் திரையின் வேகத்தோடு ஒத்திசைப்பது) எப்போதும் இயங்கும்படி யூஎஸ்ஆர், ஷெயர் வழியே போய் மீசாவின் (லினக்ஸின் கிராஃபிக்ஸ் டிரைவர் தொகுப்பு) கோப்பைத் திருத்தினேன். அப்டேட் வந்ததும் பழையபடி ஆகிவிட்டது. ஏன்?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: நீங்கள் கை வைத்தது மீசா பொதிக்குச் சொந்தமான கோப்பு. ஒவ்வொரு அப்டேட்டிலும் பொதி தன் கோப்பைப் புதிதாகக் கொண்டுவந்து வைக்கும், உங்களைக் கேட்காது. மீசா மூன்று இடங்களில் படிக்கிறது. முதலில் நீங்கள் திருத்திய அந்த ஃபோல்டர், அடுத்து மெஷின் முழுவதற்குமான அமைப்புகள் இருக்கும் எட்சி ஃபோல்டரிலுள்ள டிரிஆர்சி (டி, ஆர், ஐ, ஆர், சி என்ற ஐந்தெழுத்து, பின்னொட்டுக் கிடையாது), கடைசியாகப் பயனரின் ஹோம் ஃபோல்டரில் அதே பெயருக்கு முன் புள்ளி வைத்த மறைகோப்பு. பின்னால் படிப்பதே வெல்லும்.

ஆகவே எட்சியில் அந்தக் கோப்பை நீங்களே உருவாக்குங்கள். பழைய கோப்பை முழுதாக நகலெடுக்க வேண்டாம், மாற்றும் வரி மட்டும் போதும். எக்ஸ்எம்எல் குறிச்சொற்களாக வெளியே டிரைகான்ஃப், அதனுள் டிவைஸ், அதனுள் அப்ளிகேஷன், அதனுள் விபிளாங்க் மோட் என்ற ஆப்ஷன், மதிப்பு 3 (வி-சிங்க் எப்போதும் இயங்கும்; 0 என்றால் இயங்காது). கோப்பின் அனுமதி 644 (எல்லோரும் படிக்கலாம்) இருக்கட்டும். 600 ஆனால் பிள்ளைகளின் கணக்கில் அது படிக்கப்படாது. சோதிக்க, மதிப்பைத் தற்காலிகமாக 0 ஆக்கி, பிள்ளை ஒருவரின் கணக்கில் ஜிஎல்எக்ஸ்கியர்ஸ் என்ற சோதனைச் செயலியை ஓடவிடுங்கள். 60 ஹெர்ட்ஸ் திரையில் 5 விநாடிக்கு 300 ஃபிரேம் அளவில் நின்றது ஆயிரக்கணக்கில் ஏறினால் கோப்பு படிக்கப்படுகிறது. ஏறாவிட்டால் மேற்கோள் குறிகளைப் பாருங்கள். ஃபோன் வழியாக வந்த வரியை ஒட்டினால் நேர்க்குறி வளைகுறியாகியிருக்கும். அங்கிருந்து கீழே உள்ளது எதுவும் எடுபடாது.

ஒன்று, இது பூட்டு அல்ல. பிள்ளை தன் ஹோம் ஃபோல்டரில் 0 என்று எழுதினால் அதுதான் செல்லும். விபிளாங்க் மோட் என்ற அந்த ஆப்ஷன் பெயரிலேயே சூழல் மாறி (செயலியைத் தொடங்கும்போது கொடுக்கும் மதிப்பு) கொடுத்தாலோ எல்லாக் கோப்புகளையும் மீறிவிடும்.

கேள்வி: 4ஆம் தலைமுறை ஐ5. உபுண்டு 20.04இலிருந்து 22.04க்கு மாறியபின், ஹோம் ஃபோல்டரில் எழுதிய அமைப்பு வேலை செய்யவில்லை. கோப்பு அப்படியே இருக்கிறது.
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: டிவைஸ் வரியில் டிரைவர் பெயர் ஐ965 என்றிருக்கும், பாருங்கள். 2022இல் வந்த மீசா 22.0 அந்த டிரைவரையே தூக்கிவிட்டது. உங்கள் சிப்புக்கு இப்போது குரோகஸ் என்ற டிரைவர். 5ஆம் தலைமுறை முதல் ஐரிஸ். பெயர் பொருந்தாத பகுதியை மீசா சத்தமில்லாமல் தாண்டிவிடும். டிரைவர் பெயரை எடுத்துவிட்டால் எல்லா டிரைவருக்கும் பொருந்தும், அதுவே நல்லது. இந்த அமைப்புகளை அடிரைகான்ஃப் என்ற செயலியில் மாற்றுவதானால் சூடோ (ரூட் எனும் நிர்வாகி உரிமை) போட்டுத் திறக்காதீர்கள். அமைப்பு ரூட்டின் ஹோமில் போய் உட்காரும். விண்டோஸ் செயலிகளை லினக்ஸில் ஓட்டும் வைனில் ஓடும் விளையாட்டுக்கு எக்ஸிகியூட்டபிள் இடத்தில் வைன் என்றல்ல, விளையாட்டின் எக்ஸி கோப்புப் பெயரை எழுத வேண்டும்.

கேள்வி: என்விடியாவுக்கும் இதே கோப்புதானா?
– வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: என்விடியாவின் சொந்த டிரைவர் என்றால் இல்லை, அது மீசாவைத் தொடுவதே இல்லை. செயலிவாரி அமைப்புகளை ஹோமில் புள்ளி என்வி ஃபோல்டரிலும், எட்சியில் என்விடியா ஃபோல்டரிலும் தேடும். என்விடியா செட்டிங்ஸில் சேமித்தவை மெஷினை மீண்டும் போட்டதும் தாமாக வராது. லாகினில் அந்தச் செயலியை, அமைப்பை மட்டும் ஏற்றும் லோட்-கான்ஃபிக்-ஒன்லி தெரிவோடு ஓடவைக்க வேண்டும்.